கழுத்துச் சுரப்பியும் கலங்கிய புத்தியும்

லண்டன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், புத்தி பேதலித்துவிட்டது என்று அழைத்துவரப்படுபவர்களைச் சில நாள் வைத்துக் கவனிக்க ஒரு வார்டு இருந்தது. அதன் பொறுப்பில் இருந்த ரிச்சர்டு ஆஷர் ஒரு பொது மருத்துவர். 1949-இல் 14 நோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். தன்னை யாரோ ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல்கள் கேட்பது, இடமும் நாளும் தெரியாத குழப்பம் என்று வந்தவர்கள் அவர்கள். உண்மையில் ஓய்ந்துபோயிருந்தது அவர்களுடைய தைராய்டு சுரப்பி. தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலோர் தெளிந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இது அப்போதே பழைய செய்தி. 1888-இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு ஒன்று, தைராய்டு செயலிழந்த 109 பேரை ஆராய்ந்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனம் பிறழ்ந்திருந்ததைப் பதிவுசெய்தது. 1891-இல் நியூகாசிலைச் சேர்ந்த ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி 46 வயதுப் பெண் ஒருவரைத் தேற்றினார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1937-இல் வந்த ஏ.ஜே.குரோனினின் ‘தி சிட்டாடல்’ நாவலில்கூட, பைத்தியம் என்று அடைத்துவைக்க இருந்தவரின் தைராய்டுக் கோளாற்றை ஓர் இளம் டாக்டர் கண்டுபிடிக்கிறார். நாவல் வாசகர்களுக்கே தெரிந்தது வார்டுகளில் தவறிப்போனது எப்படி?

நோயின் நிதானம்தான் காரணம். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். முகம் உப்பும், குரல் கரகரக்கும், தோல் வறளும், முடி கொட்டும், மற்றவர்கள் மின்விசிறியைத் தேடும்போது இவர்கள் போர்வையைத் தேடுவார்கள். ‘வயசாகுதில்ல’ என்று வீடு விட்டுவிடும். பிறகு ஒருநாள் மருமகள் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று மாமியார் ஆரம்பிக்கும்போது, அதற்குக் குடும்பத்துக்குள்ளேயே காரணம் கிடைத்துவிடுகிறது. ‘மனநோய்’ என்று சீட்டில் ஏறிவிட்டால் அப்புறம் கழுத்தை யார் தொட்டுப் பார்ப்பது? குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினால் சட்டென்று துள்ளி மீள வேண்டிய பாதம், இவர்களுக்கு ஆடி அசைந்து திரும்பும். அதைப் பார்க்க ஸ்கேன் வேண்டியதில்லை.

தைராய்டு ஹார்மோன் செல்கள் வேலைசெய்யும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மூளையும் அதற்கு விலக்கல்ல. அது குறைந்தால் நினைவும் யோசனையும் மந்தமாகும், மனம் சோரும், முற்றினால் பிரமை வரும். கூடினாலும் வம்புதான்: படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை. இவர்களைப் ‘பதற்ற நோய்’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எடை குறைகிறதா என்று கேட்டிருந்தால் போதும்.

இதைப் படித்துவிட்டு, மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தி லேபுக்கு ஓட வேண்டாம். மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு ஒழுங்காகவே இருக்கிறது. தைராய்டு சற்றே சோர்ந்து, அதைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஹார்மோனின் அளவு லேசாக ஏறியிருப்பவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் மனச்சோர்வு குறையவில்லை. சந்தேகப்பட வேண்டியது வேறு இடத்தில்: முன்பு மனநோயே இல்லாதவருக்கு, குடும்பத்திலும் இல்லாதபோது, நாற்பது ஐம்பதைத் தாண்டித் திடீரென்று வந்தால், தெளிவும் குழப்பமும் ஒரே நாளில் மாறி மாறி வந்தால், கூடவே காய்ச்சலோ வலிப்போ இருந்தால். தைராய்டு மட்டுமல்ல, பி12 குறைவு, மூளைக்கட்டி, மூளைக்காய்ச்சல் என்று பலதையும் அப்போது தேட வேண்டும்.

மருந்தைத் தொடங்குவதிலும் நிதானம் வேண்டும். வயதானவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஹார்மோனை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுத்தால் இதயம் தாங்காது. கொஞ்சமாக ஆரம்பித்து வாரக்கணக்கில் கூட்டுவார்கள்.

தைராய்டுக்கும் மனதுக்கும் உள்ள உறவு மறுபக்கமும் ஓடுகிறது. இருமுனை மனநோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் லித்தியம், சிலருக்குத் தைராய்டையே மந்தமாக்கிவிடும். அப்போது வரும் சோர்வை, பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மனநல மருந்தைக் கூட்டிவிட வாய்ப்புண்டு. அதனால்தான் லித்தியம் தொடங்குமுன் ஒருமுறையும், பிறகு சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டாக்டர்கள் டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்கிறார்கள்.