கிண்ணத்துக்குள் ஒரு கச்சேரி

பள்ளி முடிந்து பெருவிரைவு ரயிலில் வீடு திரும்பும் மாணவி ஒருத்தி ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்கிறாள். வண்டி சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் இரைச்சல் கூடுகிறது. பாடகரின் குரல் மங்குகிறது. உடனே அவள் கைப்பேசியில் ஒலியின் அளவை இரண்டு படி கூட்டுகிறாள். அடுத்த நிலையத்தில் வண்டி நின்று இரைச்சல் அடங்கிய பிறகும் அந்த அளவு குறைவதில்லை. நாள்தோறும் நடக்கும் இச்சிறு செயலில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. வெளி இரைச்சலைத் தடுத்து இசையை மட்டும் காதுக்குத் தருவது எப்படி? அதைச் சிறப்பாகச் செய்யும் ஹெட்ஃபோனைக் கண்டறிவது எப்படி?

ஹெட்ஃபோனின் வரலாறு நூறு ஆண்டுகளைத் தாண்டியது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்ஃபோன்களைச் செய்து, அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். அன்று அவை வானொலிச் செய்திகளைக் கேட்கவே பயன்பட்டன. 1937இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ‘டிடி 48’ என்னும் ஹெட்ஃபோனை வெளியிட்டது. 1958இல் அமெரிக்கரான ஜான் காஸ், இரு காதுகளுக்கும் தனித்தனியே ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்ஃபோனை அறிமுகப்படுத்தினார். அதன் பிறகே, இசையை நுகர்வதற்கென்று ஹெட்ஃபோன் வாங்கும் வழக்கம் பரவியது.

எல்லா ஹெட்ஃபோன்களிலும் மெல்லிய படலம் ஒன்று உள்ளது. மின்சாரக் குறிப்புகளுக்கு ஏற்ப அது முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அந்த அதிர்வே ஒலியாகக் காதை அடைகிறது. ஆனால், படலம் முன்பக்கம் மட்டும் ஒலி எழுப்புவதில்லை. அது முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. ஆகவே, காதை நோக்கிச் செல்லும் அதே அளவு ஒலி, காதுக்கு எதிர்ப்பக்கமும் செல்கிறது. இந்தப் பின்பக்க ஒலியை என்ன செய்வது என்பதில்தான் ஹெட்ஃபோன்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன.

முதலாவது, திறந்த வகை. இதில் காதுக் கிண்ணத்தின் பின்புறம் வலைபோல் திறந்திருக்கும். பின்பக்க ஒலி தடையின்றி வெளியேறிவிடும். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட ‘எச்டி 414’ இவ்வகைக்கு வழிகாட்டியாக அமைந்தது. திறந்த வகையில் இசை விரிந்து, இயல்பாக ஒலிக்கும். எனினும், வெளி இரைச்சலும் தடையின்றி உள்ளே வரும். கேட்பவரின் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அமைதியான அறைக்கே இது ஏற்றது.

இரண்டாவது, மூடிய வகை. இதில் கிண்ணத்தின் பின்புறம் முழுமையாக அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஒலி பெரும்பாலும் வெளியே கசியாது. வெளி இரைச்சலும் குறையும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடுபவர்கள் இவ்வகையையே அணிகின்றனர். ஏனெனில், அவர்கள் கேட்கும் பின்னணி இசை வெளியே கசிந்தால், ஒலிவாங்கி அதையும் பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்துவிடும். 1991இல் வெளிவந்த சோனியின் ‘எம்டிஆர் 7506’ பல கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

மூடிய வகையில் ஒரு சிக்கல் உண்டு. காலிக் குடத்துக்குள் பேசினால் குரல் மாறி ஒலிப்பதைப் பலரும் கேட்டிருப்பர். கிண்ணத்துக்குள் அடைபட்ட ஒலிக்கும் அதே நிலைதான். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் உள்ள கீச்சொலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 செண்டிமீட்டர்தான். கிண்ணத்தின் அளவை ஒத்த இத்தகைய குறுகிய அலைகள் சுவரில் மோதித் திரும்புகின்றன. திரும்பிய அலை, புதிய அலையோடு சேர்ந்து சில சுரங்களை மிகுதியாக்கும்; சிலவற்றை அழிக்கும். மேலும், அடைபட்ட காற்று ஒரு மெத்தைபோல் படலத்தை எதிர்த்துத் தள்ளுவதால், தாழ்ந்த ஒலிகளின் தன்மையும் மாறுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியே விலை உயர்ந்த மூடிய ஹெட்ஃபோன்களைச் சுவையான கருவிகளாக்குகிறது. ஜப்பானிய நிறுவனங்கள் பல மரத்தை நாடின. ஆடியோ டெக்னிக்கா கருங்காலி மரத்தைப் பயன்படுத்தியது. ஃபோஸ்டெக்ஸின் ‘டிஎச் 900’ மரக் கிண்ணத்தின்மீது ஜப்பானின் மரபுவழி அரக்குப் பூச்சைக் கொண்டது. டெனோனின் ‘ஏஎச் டி9200’ கோச்சி மாநிலத்து மூங்கிலால் ஆன கிண்ணங்களை உடையது. மூங்கில் எடை குறைந்தது. அதே வேளையில் உறுதியானது. மிருதங்கத்துக்குப் பலா மரம் தேர்ந்தெடுக்கப்படுவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மிருதங்கத்தின் மரம் தோலோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஹெட்ஃபோனின் மரமோ தேவையற்ற அதிர்வை அடக்க வேண்டும். ஒன்று பாடுவதற்கு உதவும் மரம். மற்றொன்று குறுக்கே பேசாதிருக்கும் மரம்.

வேறு சில நிறுவனங்கள் வேறு வழிகளைக் கையாண்டன. சென்ஹைசர் 2018இல் வெளியிட்ட ‘எச்டி 820’இன் பின்புறத்தில் குழிந்த கண்ணாடி பொருத்தப்பட்டுள்ளது. பின்பக்க ஒலி அக்கண்ணாடியில் பட்டு, ஒலியை உறிஞ்சும் அறைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. பிரான்சின் ஃபோக்கால் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஸ்டெல்லியா’வின் படலம், மிக இலேசானதும் விறைப்பானதுமான பெரிலியம் என்னும் உலோகத்தால் ஆனது. அமெரிக்காவில் டான் கிளார்க் ஆடியோ 2021இல் வெளியிட்ட ‘ஸ்டெல்த்’தில், படலத்துக்கும் காதுக்கும் இடையே நுண்ணிய வழிகள் நிறைந்த ஓர் அமைப்பு உள்ளது. எதிரொலியால் மிகும் சுரங்களை அது தணிக்கிறது.

இவை வெளிவந்தபோது ‘எச்டி 820’ ஏறத்தாழ 2,400 அமெரிக்க டாலருக்கும், ‘ஸ்டெல்லியா’ 3,000 டாலருக்கும், ‘ஸ்டெல்த்’ 4,000 டாலருக்கும் விற்கப்பட்டன. அப்படியானால், விலை கூடக்கூட ஒலியும் இனிமையாகுமா? 2017இல் வெளியான ஓர் ஆய்வு 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தது. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அவை எந்த அளவில் எழுப்புகின்றன என்பதற்கும் விலைக்கும் தொடர்பில்லை என்று அது கண்டறிந்தது. உயர்ந்த விலைக்கு அரிய பொருள்கள், நுட்பமான கைவேலை, அணிவதற்கு வசதி, நீண்ட உழைப்பு ஆகியவை கிடைக்கக்கூடும். ஆனால், விலைச்சீட்டைப் பார்த்து ஒலியின் தரத்தை முடிவு செய்ய இயலாது. அதைக் காதால் கேட்டே அறிய வேண்டும்.

கேட்டு ஒப்பிடுவதற்கும் முறை உண்டு. முதலாவதாக, இரண்டு ஹெட்ஃபோன்களையும் ஒரே ஒலி அளவில் கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பதை மனம் சிறந்ததென்று எண்ணிவிடும். கடைகளில் பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டாவதாக, காது மெத்தை தலையோடு நன்கு பொருந்தியிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியின் கம்போ தலைமுடியோ சிறிய இடைவெளியை உண்டாக்கினாலும், மூடிய வகையில் தாழ்ந்த ஒலி பெரிதும் குறைந்துவிடும். மூன்றாவதாக, விலையை முன்கூட்டி அறியாமல் கேட்பது நல்லது. நான்காவதாக, ஒரு பாட்டோடு நிறுத்தாமல், சிறிது நேரம் ஓய்வெடுத்து மீண்டும் கேட்க வேண்டும். முதலில் பளிச்சென்று கவரும் ஒலி, அரை மணி நேரத்தில் காதுக்குச் சலிப்பூட்டலாம்.

ஒப்பிடுவதற்கு நன்கு பழகிய பாட்டே சிறந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு கருநாடக இசைக் கச்சேரியின் பதிவைக் கொள்ளலாம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல் எழுப்பும் கும்மென்ற ஒலி, எழுந்தவுடன் அடங்குகிறதா, கிண்ணத்துக்குள் தங்கிக் குழம்புகிறதா என்று கவனிக்கலாம். பாடகரின் குரல் மூக்கடைத்தாற்போல் ஒலிக்கிறதா, இயல்பாக உள்ளதா என்று பார்க்கலாம். வயலின் மேல் சுரங்களைத் தொடும்போது காது கூசினால், உயர்ந்த ஒலிகள் மிகுந்துவிட்டன என்று பொருள். பின்னணியில் தம்பூரா தொடர்ந்து மீட்டப்படுவதும், அடியெடுக்குமுன் பாடகர் மூச்சிழுப்பதும் தெளிவாகக் கேட்டால், அது தேர்ந்த கருவியே. இவ்வாறு உற்றுக் கேட்கப் பழகியவருக்கு, விலை குறைந்த ஹெட்ஃபோனிலும் முன்பு கவனிக்காத நுட்பங்கள் புலப்படத் தொடங்கும்.

இந்த இன்பத்தைக் காப்பதில் ஒலியின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. பெரியவர்கள் 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சிறுவர்களுக்கு அந்த அளவு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம், பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. அதனால், 90 டெசிபலில் பெரியவர்கள்கூட வாரத்துக்கு 4 மணி நேரமே கேட்கலாம். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்துவிட்டால் மீண்டும் வளர்வதில்லை. இழந்த கேட்கும் திறனை எந்த விலை உயர்ந்த ஹெட்ஃபோனாலும் ஈடுசெய்ய முடியாது.

மூடிய ஹெட்ஃபோனின் உண்மையான பயன் இங்குதான் வெளிப்படுகிறது. நன்கு பொருந்திய கிண்ணம், சுற்றியிருப்போரின் பேச்சையும் கூர்மையான இரைச்சலையும் பெருமளவு குறைக்கிறது. ரயிலின் தாழ்ந்த உறுமல் ஓரளவு உள்ளே வரலாம். எனினும், இரைச்சலோடு போட்டியிட வேண்டிய தேவை குறைவதால், குறைந்த அளவிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கிறது. அதே காரணத்தால், சாலையில் நடக்கும்போது இதை அணியக் கூடாது. வாகன ஒலியும் எச்சரிக்கைக் குரலும் காதில் விழாமல் போகலாம்.

ரயிலில் பயணம் செய்த அந்த மாணவிக்கு 3,000 டாலர் கருவி தேவையில்லை. காதோடு சரியாகப் பொருந்தும் எளிய மூடிய ஹெட்ஃபோன் ஒன்றே போதும். சுரங்கப்பாதைக்குள் வண்டி நுழைந்தாலும் ஒலியைக் கூட்டாமல் அவளால் பாட்டைத் தொடர முடிந்தால், அது நல்ல தேர்வு. மூங்கிலும் கண்ணாடியும் பெரிலியமும் இசையின் நுட்பங்களைக் கொண்டு வந்து சேர்க்கலாம். அவற்றைப் பெற்று மகிழ வேண்டியது காதுதான். அதற்கு மாற்றுக் கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது.