பம்பு நிற்கக் கூடாது!

நெய்வேலிக்கு வருகிற விருந்தாளிகள் முதலில் பார்க்க ஆசைப்படுவது சுரங்கத்திலுள்ள ராட்சச யந்திரங்களைத்தான். சக்கரத்தைச் சுற்றி வாளிகளைக் கட்டிக்கொண்டு, மலை போன்ற மண்ணை வாரி வாரிக் கொட்டும் அந்த யந்திரத்துக்கு முன்னால் மனிதன் எறும்பு மாதிரி! பார்த்தவர்கள் ஊர் திரும்பியதும் பத்துப் பேரிடமாவது அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

ஆனால், பம்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அபூர்வம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். இறைப்பதை நிறுத்தினால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. அன்று போலவே இன்றும் தண்ணீரை இறைத்துத்தான் கரியை எடுக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுகிறவர்களில் பலருக்குச் சம்பளமே கிடையாது என்றால் நம்புவீர்களா?

வரைபடம் யாரிடம்?

நெய்வேலிக்கு ஜெர்மனியிலிருந்து யந்திரங்கள் வந்தன. முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. இப்படி வெளிநாட்டிலிருந்து ஒரு யந்திரத்தை வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வரைபடமும் கூடவே வந்தால், உடைந்த பாகத்தை நம்முடைய பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். வரைபடம் வராவிட்டால்? ஒரு திருகாணிக்குக்கூடக் கம்பெனிக்காரனைக் கூப்பிட வேண்டும். அவன் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளும் அப்படித்தான். அதன் வரைபடத்துக்கு மூல நிரல் என்று பெயர். பெரிய கம்பெனிகள் பல அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஓட்டுகிற உரிமையை மட்டும் விற்கின்றன.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பிரிண்டர் இருந்தது. அடிக்கடி அதில் காகிதம் சிக்கிக்கொள்ளும். மூல நிரல் கிடைத்தால், சிக்கியதும் தெரிவிக்கும்படி தாமே அதைத் திருத்திவிடலாம் என்று எண்ணிக் கேட்டார். கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. மனிதருக்கு வந்ததே கோபம்! பூட்டே இல்லாத மென்பொருளை உண்டாக்கப் போவதாக 1983-ல் அறிவித்தார். யாரும் உபயோகிக்கலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதுதான் அவர் கொள்கை.

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், தாம் எழுதிய லினக்ஸ் என்ற நிரலை ஊரறியக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திருத்தினார்கள், வளர்த்தார்கள். உலகத்தில் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. வட்டத்துக்கு வட்டம் நெய்வேலிவாசிகள் கையில் வைத்திருக்கும் ஆண்டிராய்டு போனுக்குள்ளும் அதுவேதான்!

ஒருவர் களைத்தபோது

இங்கேதான் பம்பு விஷயம் வருகிறது.

எக்ஸ்-இசட் என்று ஒரு சிறிய மென்பொருள். பெரிய தகவல் மூட்டையைச் சிறிதாகச் சுருக்கித் தருவது அதன் வேலை. லினக்ஸ் ஓடும் கணக்கற்ற கம்ப்யூட்டர்களில் அது உண்டு. ஆனால் பல வருஷங்களாக அதைப் பராமரித்து வந்தவர் பின்லாந்துக்காரர் ஒருவர். அநேகமாகத் தனி ஆள். ஊதியம் இல்லை. மனசும் தளர்ந்திருந்தது. திருத்தம் ஏன் தாமதமாகிறது என்று 2022-ல் சிலர் அவரை நெருக்கினார்கள். அதே சமயத்தில் உதவிக்கு ஒருவர் வந்தார். ஜியா டான் என்பது அவர் சொல்லிக்கொண்ட பெயர். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 2024 பிப்ரவரியில், வெளியார் நுழையும்படி ஒரு கள்ள வாசலை மென்பொருளுக்குள் வைத்துவிட்டார்!

அதைக் கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. பாதுகாப்பு நிபுணர்களும் அல்ல. ஆண்டிரெஸ் பிராய்ண்ட் என்ற இஞ்சினீயர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டினார், கள்ள வாசல் அகப்பட்டது. 2024 மார்ச் 29-ந் தேதி உலகத்துக்கு அறிவித்தார். அது பரவலாகப் பரவுவதற்குள் ஆபத்து விலகியது. ஜியா டான் உண்மையில் யார் என்பது மர்மமாகவே இருக்கிறது.

இதைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. திறந்த வீட்டில்தான் திருடன் நுழைவான் என்பது ஒன்று. திறந்திருந்ததால்தான் ஒருவர் உள்ளே பார்த்துத் திருட்டைப் பிடிக்க முடிந்தது என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் மறுக்க முடியாத உண்மை ஒன்று உண்டு. பம்பு ஓட்டியவர் ஒற்றை ஆளாய்க் களைத்துப் போனார். அவர் தோளைத் தொட்டு, "நீங்கள் சற்று ஓய்வெடுங்கள்" என்று சொல்ல நல்லவன் வரவில்லை. கள்ளன் வந்தான். அந்த மென்பொருளை வைத்துக் கோடி கோடியாய்ச் சம்பாதித்த கம்பெனிகள் எங்கே போயின?

நமக்கு என்ன?

ஆங்கிலத்தில் 'ப்ரீ' என்ற ஒரே சொல், விலையில்லாதது, விடுதலையானது என்ற இரண்டையும் குறித்துக் குழப்புகிறது. தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்ற அழகான பெயர் தமிழில் நிலைத்துவிட்டது.

1990-களில் ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ், இன்னொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரிந்த காலம் உண்டு. ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு தினுசு! அந்தத் தொல்லை தீர யூனிகோட் என்ற பொது முறை வந்தது. அந்த முறையில் சுலபமாகத் தமிழ் அடிக்க, எ-கலப்பை போன்ற கட்டற்ற மென்பொருள்களை எழுதிப் பலர் கொடுத்தார்கள். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தபோது, சென்னை சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்து வந்தது. நெய்வேலிப் பக்கத்து வீடுகளுக்கும் வந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்?

திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் தொலைவில் இல்லை. பண்ருட்டி வழியாக பஸ் ஏறினால் விழுப்புரம். அங்கே குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் கற்றுத் தருகிறார்கள். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ், இந்த வித்தையை எளிய தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுக்கிறது.

நிரல் எழுதத் தெரிந்தால்தான் உதவலாம் என்பதில்லை. பிழை கண்டால் எழுதித் தெரிவிக்கலாம். மெனுவில் உள்ள ஆங்கிலச் சொல்லுக்கு நல்ல தமிழ் கொடுக்கலாம். தெரிந்ததைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பராமரிக்கிறவருக்கு ஒரு நன்றிக் கடிதமாவது போடலாம். கம்பெனிகளோ கடிதத்தோடு நிற்காமல் பணமும் ஆளும் கொடுக்க வேண்டும்.

ராட்சச யந்திரத்தைப் பார்த்து வியந்துவிட்டுப் போவது விருந்தாளிக்குப் போதும். அந்த ஊரிலேயே குடியிருப்பவன் பம்பு ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? கம்ப்யூட்டர் உலகத்தில் இன்று நாம் யாரும் விருந்தாளி இல்லை.