பட்டத்தை இருப்பு வைக்கலாமா?



சென்ற பங்குனியில் ஏரியூரிலிருந்து சரக்கெடுக்க வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், பட்டியலைக் கொடுத்த பிறகும் நம் கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மகன் சேலம் பக்கம் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். "அண்ணா, இந்த வருசம் கம்பெனிக்காரங்க சரியா வரலையாம். ஒரு பேப்பரை எழுதாம விட்டுட்டு அடுத்த வருசம் முடிச்சா, அப்ப வர்ற கம்பெனியில வேலை வாங்கிடுவேன்ங்கறான். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நாம் பள்ளிக்கூடத்தோடு நின்றவர். ஆனாலும் இது சரக்கை விற்பதா, இருப்பு வைப்பதா என்கிற கேள்விதானே. இரண்டு நாள் தவணை கேட்டு, தெரிந்த பேராசிரியர் ஒருவரையும் வங்கி மேலாளர் ஒருவரையும் விசாரித்தோம்.

பையனின் பயம் பொய்யல்ல. 2009-ல் படிப்பு முடித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வேலை ஆணையைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காக்க வைத்தன. 2022-ல் தேறியவர்களிலும் பலருக்கு அதே கதிதான். மந்த காலத்தில் பட்டம் வாங்கியவர்களைப் பற்றிக் கனடாவில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். தொடக்கச் சம்பளம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறதாம். அந்தக் குறை நேராகப் பத்து வருடம் வரை ஆகிறதாம். நல்ல வருடத்துக்காகக் காத்திருப்போம் என்று பையன் நினைப்பதில் வியப்பில்லை.

ஆனால் நம் ஜில்லாவில் புளி வியாபாரம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். மாசி, பங்குனியில் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டால் பின்னால் விலை கிடைக்கலாம். அதுவரை கிடங்கு வாடகை ஓடும், முதலுக்கு வட்டி ஓடும். மறு வருடம் புதுப்புளி வந்துவிட்டால், நிறம் கறுத்த நம் சரக்கை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. (வைத்தியத்துக்குப் பழம்புளியே தேடுவார்கள் என்பது வேறு விஷயம்.) பட்டதாரிகளிலும் வருடந்தோறும் புதுச்சரக்கு வருகிறது. ஏரியூருக்கே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்ட காலம் இது.

பேராசிரியர் சொன்னதுதான் முக்கியம். எழுதாமல் விட்ட பேப்பர் அரியராகவே கணக்கில் ஏறும். அரியர் உள்ளவனைப் பல கம்பெனிகள் நேர்முகத் தேர்வில் உட்காரவே விடுவதில்லை. அப்படியானால் எந்தக் கதவுக்காகக் காத்திருக்கிறானோ அந்தக் கதவையே தன் கையால் சாத்துகிறான். முதல் தடவையிலேயே எல்லாப் பாடமும் தேறினால் கிடைக்கக்கூடிய சிறப்பு முதல் வகுப்பும் போய்விடும். உடம்பு சரியில்லை, சொந்தத் தொழில் தொடங்குகிறேன் என்று முன்கூட்டியே மனுப்போட்டு, அனுமதியோடு ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைக்க அண்ணா பல்கலைக்கழக விதியில் வழி இருக்கிறதாம். அது முறையான வழி. பேப்பரை விடுவது அப்படியல்ல.

வங்கி மேலாளர் சொன்னது நமக்குப் பழகிய கணக்கு. கல்விக்கடனைப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்ட ஆரம்பிக்க வேண்டும். ஆனால் வட்டி அதுவரை தூங்குவதில்லை. 4 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 40,000 ரூபாய். ஏரியூர்க் கடையில் எத்தனை மூட்டை அரிசி விற்றால் அவ்வளவு லாபம் நிற்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது வரம்பு 28, இதர பிற்பட்டோருக்கு 31. பட்டம் இல்லாமல் அந்த வேலையில் சேர முடியாது. தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் ஒரு தேர்வு போச்சு.

கடைக்காரர் மறுவாரம் பையனையும் அழைத்து வந்தார். "தம்பி, காத்திருக்க வேண்டுமானால் காத்திரு, பட்டத்தைக் கையில் வாங்கிவிட்டுக் காத்திரு. அந்த ஒரு வருடத்தை உன் அப்பா உனக்குக் கொடுப்பார்" என்றோம். அப்பா தலையாட்டச் சற்று நேரமாயிற்று. உண்மையில் அவருக்குத்தான் அது கஷ்டம். படித்து முடித்த பிள்ளை கடையில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பதே அவருடைய பெரிய கவலை.

பையன் எல்லாப் பேப்பரும் எழுதித் தேறிவிட்டான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. காலையும் மாலையும் கடை, மத்தியானம் வங்கித் தேர்வுப் படிப்பு. கடையின் கடன் நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டானாம். போன வாரம் போன் செய்து, நமக்குத் தர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று அவனாகவே சொன்னான். நம் பேரேட்டில் அதைவிட 340 ரூபாய் குறைவாக இருந்தது.