ஈறு ஓரத்து மஞ்சள் கோடு

அமிலமும் காரமும் பாடம் முடிந்த ஒரு நாள், இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி வகுப்பு கலையும் வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பிள்ளை. “சார், பல்லுல ஈறுகிட்ட மஞ்சளா கோடு மாதிரி இருக்கு. எலுமிச்சைச் சாறும் சோடாவும் கலந்து தேய்ச்சா போயிடும்னு டிக்டாக்ல பார்த்தேன். நாலு நாளா தேய்க்கிறேன். கோடு போகல. ஐஸ் தண்ணி குடிச்சா பல்லு கூசுது” என்றாள்.

மாணவர்களே, இந்தக் கோடு உங்களில் பலருக்கும் இருக்கலாம், கேட்கத்தான் கூச்சம். அதைப் போக்க வழி தேடுமுன், அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் மஞ்சளாகத் தெரிந்தாலும், அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

முதலாவது, பற்படலம்

வாயில் வாழும் பாக்டீரியாக்கள் பல்லின் மேல் ஒட்டி வளர்க்கும் மென்மையான, பிசுபிசுப்பான படலம் இது. துலக்கிய சில மணி நேரத்திலேயே மீண்டும் உருவாகத் தொடங்கிவிடும். பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் பிரஷ் சரியாகப் படாததால் அங்கேதான் அதிகம் தங்கும். பல் கம்பி அணிந்தவர்களுக்குக் கம்பியைச் சுற்றியும் சேரும். நாம் குடிக்கும் தே தாரிக், கோப்பி ஆகியவற்றின் நிறம் இதில் எளிதாக ஏறிக்கொள்ளும்.

இரண்டாவது, பற்காரை

அகற்றப்படாத பற்படலத்தில், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து சில நாள்களிலேயே அது இறுகத் தொடங்கும். நீர் கொதிக்க வைக்கும் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பைப் போன்றது இது. கீழ்வரிசை முன்பற்களின் பின்புறத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது பற்காரையாக இருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அதற்கு அருகில் திறப்பதால்தான் அங்கு அதிகம் படிகிறது.

மூன்றாவது, பல்லின் சொந்த நிறம்

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருப்பது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். கடைவாய்ப் பல்லின் மேட்டில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் எனாமல், ஈறை நெருங்க நெருங்க மெலிந்து கத்தி முனைபோல் முடிகிறது. அதற்கு அடியில் உள்ள டென்டீன் இயல்பிலேயே மஞ்சள். வெள்ளைச் சீருடைக்குள் மஞ்சள் பனியன் அணிந்தால் நிறம் வெளியே தெரியும் அல்லவா? அதேபோல, எனாமல் மெலிந்த இடத்தில் டென்டீனின் நிறம் வெளியே தெரிகிறது. இது அழுக்கு அல்ல. தேய்த்து எடுக்க இதில் ஒன்றுமே இல்லை.

எலுமிச்சை என்ன செய்கிறது?

எனாமல் ஒரு வகைக் கால்சியம் பாஸ்பேட்டுப் படிகம். வாயின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2.5 என்று வைத்துக்கொள்வோம். பிஎச் மதிப்பு ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும் என்பதால், மூன்று குறையும்போது 10 × 10 × 10, அதாவது 1,000 மடங்கு!

சோடா சேர்த்தால் நுரைக்கிறதே என்கிறீர்களா? அமிலமும் சோடாவும் வினைபுரிந்து வெளியேறும் கார்பன் டைஆக்சைடு வாயுதான் அந்த நுரை. அழுக்கு கழல்வதற்கு அது அடையாளம் அல்ல. சோடாவின் அளவு குறைந்தால் மிஞ்சிய அமிலம் எனாமலைக் கரைக்கும். அப்படி மென்மையான எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். கரித்தூளும் இப்படித்தான் எனாமலை உராய்ந்து தேய்க்கக்கூடியது.

எனாமலை உருவாக்கிய செல்கள், பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே தேய்ந்துபோன எனாமல் திரும்ப வளராது. எனாமல் மெலிய மெலிய, உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் கூடுதலாகத் தெரியும். வெள்ளையாக்க நினைத்துச் செய்தது பல்லை மேலும் மஞ்சளாக்கிவிடும். அந்த மாணவிக்குப் பல் கூசியது முதல் எச்சரிக்கை.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு சோதனை செய்து பாருங்கள். அரைக் குவளை நீரில் சில துளி சிவப்பு உணவுச் சாயம் கலந்து, வாயில் அரை நிமிடம் அலசித் துப்புங்கள். பிறகு வெறும் நீரால் ஒரு முறை கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். பற்படலம் உள்ள இடங்கள் அடர் சிவப்பாகத் தெரியும். (பழைய சட்டை அணிந்துகொள்ளுங்கள், உதடும் நாக்கும் சற்று நேரம் சிவந்திருக்கும்.) உங்கள் பிரஷ் எங்கே போகவில்லை என்பதை அது காட்டிவிடும்.

பிறகு மென்மையான பிரஷை ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்து, சிறு வட்டங்களாக மெதுவாகத் துலக்குங்கள். காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் போதும். ஃபுளூரைடு உள்ள பற்பசையைப் பயன்படுத்தி, துலக்கியபின் நுரையை மட்டும் துப்புங்கள். உடனே கொப்பளித்தால் ஃபுளூரைடும் போய்விடும். கோலா, ஆசாம் போய் போன்ற புளிப்புப் பானங்களைக் குடித்தால், அரை மணி நேரம் கழித்தே துலக்க வேண்டும். அதற்குள் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துவிடும்.

துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் பற்படலத்தால் ஈறு வீங்கியிருப்பதே காரணம். அந்த இடத்தைத் தொடர்ந்து மென்மையாகச் சுத்தம் செய்தால், ஓரிரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல் மருத்துவர் செய்ய வேண்டியவை

நன்றாகத் துலக்கியும் போகாமல், சொரசொரப்பாக இருப்பது பற்காரை. அதை ஊசியாலோ பின்னாலோ சுரண்டாதீர்கள். ஈறு கிழியும், எனாமல் கீறும். பல் மருத்துவர் அதற்கான கருவியால் எடுத்துவிடுவார். ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது பற்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் குழி விழாமல் தடுக்க முடியும். பழுப்புத் திட்டோ குழியோ தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த மாணவி எலுமிச்சையை நிறுத்தினாள். பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தபோது, கீழ்ப்பற்களின் பின்புறமிருந்த பற்காரையை எடுத்துவிட்டார்கள். மேல்வரிசை மஞ்சள் அவள் பல்லின் சொந்த நிறம் என்றும் சொன்னார்கள். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஆனால், சிரிக்கும்போது கை மட்டும் வாய்க்குப் போவதில்லை.