அலைபேசி வலையமைப்புக் குறியீடுகள்: நீலகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நீலகிரி மாவட்டம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. பந்தலூர் வட்டத்தின் சேரம்பாடி, எருமாடு ஆகிய ஊர்களை அடுத்து வயநாடு தொடங்குகிறது; முதுமலையை அடுத்துப் பந்திப்பூர் உள்ளது. இத்தகைய எல்லையோரங்களில் ஒருவரது அலைபேசி அண்டை மாநிலக் கோபுரத்துடன் இணைவது இயல்பு. அவ்விணைப்பில் கருவியும் கோபுரமும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது சில எண்களின் வழியாகவே. அவ்வெண்களின் அமைப்பையும், அவற்றை ஆய்வுத் தரவாகக் கொள்வோர் கருதவேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறியீட்டின் அமைப்பு

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.212 பரிந்துரை இம்முறையை வகுத்துள்ளது. இதன்படி ஒவ்வொரு சிம் அட்டையிலும் 15 இலக்கங்களுக்கு மிகாத ஓர் அடையாள எண் பதிவாகியிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டுக் குறியீடு. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் வலையமைப்புக் குறியீடு. எஞ்சியவை சந்தாதாரருக்கு உரியவை. நாட்டுக் குறியீட்டின் முதல் இலக்கம் உலகப் பகுதியைச் சுட்டும். ஐரோப்பாவுக்கு 2, ஆப்பிரிக்காவுக்கு 6 என இது அமையும். இந்தியா 404, 405 ஆகியவற்றையும், இலங்கை 413ஐயும், மலேசியா 502ஐயும், சிங்கப்பூர் 525ஐயும் பெற்றுள்ளன.

நாம் அழைக்கப் பயன்படுத்தும் +91 என்பது இதனின் வேறானது, அது இ.164 பரிந்துரையைச் சார்ந்தது. இவ்வேறுபாடு இன்றியமையாதது. 2011 ஜனவரி 20 அன்று எண் பெயர்வு வசதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், அழைப்பு எண்ணைக் கொண்டு நிறுவனத்தை உறுதிசெய்ய இயலாது. நிறுவனம் மாறுவோருக்கு அழைப்பு எண் மாறுவதில்லை. புதிய சிம் அட்டையின் அடையாள எண்ணோ மாறிவிடுகிறது.

வட்டங்களும் குறியீடுகளும்

பல நாடுகளில் ஒரு நிறுவனத்திற்கு ஓரிரு வலையமைப்புக் குறியீடுகளே போதும். இந்தியாவில் உரிமங்கள் தொலைத்தொடர்பு வட்டவாரியாக வழங்கப்பட்டமையால், ஒரே நிறுவனம் வட்டந்தோறும் தனிக் குறியீடு பெற்றது. பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்திற்குத் தமிழ்நாட்டில் 404-80, கேரளத்தில் 404-72, கர்நாடகத்தில் 404-71 என்பவை உரியன. சென்னைக்கு மட்டும் 404-64 எனத் தனிக் குறியீடு உண்டு. ஜியோ நிறுவனத்திற்கு இம்மூன்று மாநிலங்களிலும் முறையே 405-869, 405-862, 405-861 என்பவை உரியன.

ஈரிலக்க முறையில் ஒரு நாட்டுக் குறியீட்டின்கீழ் நூறு வலையமைப்புகளுக்கே இடமுண்டு. அதனால் 404 போதாமல் 405 தேவைப்பட்டது. அதில் மூவிலக்கக் குறியீடுகளும் இடம்பெற்றன. இலக்க அளவு சீராக இல்லாமையால், வலையமைப்புக் குறியீடு எத்தனை இலக்கம் கொண்டது என்பதையும் சிம் அட்டையே கருவிக்கு அறிவிக்கிறது.

ஆய்வாளர் கருதவேண்டியவை

ஒவ்வொரு கோபுரமும் தனது நாட்டுக் குறியீட்டையும் வலையமைப்புக் குறியீட்டையும் இடைவிடாது ஒலிபரப்புகிறது. சேரம்பாடித் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் கருவி வயநாட்டுக் கோபுரத்துடன் இணைந்தால், பதிவேட்டில் கேரளக் குறியீடே இடம்பெறும். அவர் தம் குடியிருப்பை விட்டு அகலாதிருந்தும், அப்பதிவை மட்டும் நோக்குபவர் அவரை மாநிலம் கடந்தவராகக் கணக்கிட இடமுண்டு. இடப்பெயர்வு ஆய்விலோ குற்ற விசாரணையிலோ இப்பிழை நேர்ந்தால், அதன் சுமை அத்தொழிலாளியின் மேல் விழும்.

எனவே வலையமைப்புக் குறியீட்டை ஆளின் இருப்பிடமாகக் கொள்ளாமல், அவருக்குச் சேவை வழங்கிய கோபுரத்தின் முகவரியாகவே கொள்ளவேண்டும். கோபுரத்தின் அமைவிடம், அதன் அலை எட்டும் பரப்பு, இணைப்பு நீடித்த காலம் ஆகியவற்றோடு கள விசாரணையையும் சேர்த்து நோக்குவதே முறையாகும்.

முடிவுரை

அலைபேசிக் குறியீடுகள் உரிமத்தின் எல்லைகளைத் துல்லியமாகக் காட்டுவன. மக்கள் வாழ்வின் எல்லைகளை அவ்வாறு காட்டுவன அல்ல. மூன்று மாநிலக் கோபுரங்களின் அலைகள் கலக்கும் நீலகிரி எல்லைப்பகுதி இவ்வேறுபாட்டை உணர்த்தும் தக்க சான்றாகும்.