ஏர், விதை, சங்கிலி: நிலத்தை அளப்பது யார்?

'ஏக்கர்' என்பதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சர்க்கார் சொல்லாகவே நாம் அறிந்திருக்கிறோம். கிஸ்தி, ஜமாபந்தி, கோர்ட்டு என்ற வரிசையில் அதுவும் ஒன்று. பிறந்த இடத்தில் அது உழவன் வாய்ச்சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'வயல்' என்றுதான் பொருள். ஒரு ஜோடி எருது ஒரு பகலில் உழுது முடிக்கிற நிலம் என்பதாக அது பின்னர் அளவானது. 'பர்லாங்கு' என்பதும் அப்படித்தான்: உழுசாலின் நீளம். கனத்த ஏரைத் திருப்புவது சிரமம் என்பதால் சாலை நீளமாக ஓட்டினார்கள். 220 கஜ நீளம், 22 கஜ அகலம் - இந்தப் பட்டையே 4,840 சதுர கஜம் கொண்ட ஏக்கர். எட்டு எருது பூட்டிய ஏர் ஓர் ஆண்டில் உழக்கூடியது ஏறத்தாழ 120 ஏக்கர். அதில் ஓர் எருதின் பங்கு 15 ஏக்கர். இவை ஒவ்வொன்றும் தனி அளவாகப் பெயர் பெற்றிருந்தன. மண் இளகியதா இறுகியதா என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் ஏக்கர் மாறியது. அளக்கப்பட்டது பரப்பு அல்ல, உழைப்பு.

நம்மிடம் இதற்கு இணையானது விதைப்பாடு. நாஞ்சில் நாட்டில் 'கோட்டை விதைப்பாடு' என்றால் ஒரு கோட்டை நெல் விதைக்கிற நிலம். யாழ்ப்பாணத்து உறுதிகளில் நெற்பரப்பு, வரகுப்பரப்பு என்று பிரித்தே எழுதினார்கள்; ஒரே பெயர், ஆனால் பயிருக்கேற்ப வேறு வேறு அளவு. ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற மலையாளிப் பழங்குடியினரிடம் (கேரளத்தவர் அல்லர்) நிலம் பற்றிக் கேட்டால், "ரெண்டு நாள் ஏர் ஓட்டுற காடு", "இத்தனை படி சாமை புடிக்கும்" என்கிற பேச்சையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். இதை எழுத்தறியாதவர்களின் தோராயம் என்று ஒதுக்குவது அதிகாரியின் பார்வை. கல் எவ்வளவு, சரிவு எவ்வளவு, எத்தனை உடம்பு வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஏக்கர் இவற்றில் எதையும் சொல்லாது.

இதை வைத்துப் பழைமைக்குப் பாட்டுப் பாட நான் தயாரில்லை. உழைப்பைச் சுட்டிய அளவுகளே வரி அளவுகளாகவும் இருந்தன. 1086இல் இங்கிலாந்தில் மன்னன் வில்லியம் ஊர் ஊராக ஏர்களை எண்ணிப் பதிவேடு எழுதினான். அதே 1086இல் இங்கே முதலாம் குலோத்துங்கன் நிலத்தை அளந்தான். சோழர் கல்வெட்டுகளில் 12 சாண் கோலும் உண்டு, 16 சாண் கோலும் உண்டு. கோல் குறுகினால் அதே வயலில் குழி கூடும்; குழிக்கு இவ்வளவு என்று விதித்தால் வரியும் கூடும். ஆக, கோல் யார் கையில் என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் உண்டு. ஏரை அலகாக்கினால் ஏர் ஏறாத சரிவில் கொத்தால் கொத்திப் பயிரிட்ட 'கொத்துக்காடு' எந்தக் கணக்கில் வரும்? களை பறித்த, கதிர் அறுத்த, சாமை குத்திய பெண்ணின் நாட்களை எந்த அளவு சுமந்தது? உழைப்பின் அளவுக்குள்ளும் விளிம்பு இருக்கிறது.

இந்த ஏக்கரை உழவனிடமிருந்து முற்றாகப் பிரித்தது சங்கிலி. 1620இல் எட்மண்ட் கண்டர் என்ற கணித அறிஞர் 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாகப் பகுத்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதாவது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. ஆயிரம் சதுரக் கண்ணி என்பது நாம் மனை வாங்கும்போது சொல்கிற 'சென்ட்'. கணக்கு சுலபமானது, எருதும் மண்ணும் மறைந்தன. நிலத்தை அறியாதவனும் இனி நிலத்தை அளக்கலாம், காகிதத்தில் விற்கலாம், எல்லை போட்டுப் பூட்டலாம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் செய்தது இந்தப் பூட்டலைத்தான். காப்புக்காடு என்று அறிவித்து, கெடுவுக்குள் உரிமை கோராதவர்களின் உரிமையை இல்லாமலாக்கியது. இப்படி அளக்கும் கண்ணுக்கு, சில வருஷம் உழுது சில வருஷம் ஆறப்போட்ட காடு வெறும் காடாகவே தெரியும். மலைக்காரனுக்கோ ஆறப்போடுவதும் விவசாயம்தான்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் உரிமையை அது எக்டேரில்தான் தருகிறது: 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலம், அதிகபட்சம் 4 எக்டேர், ஏறத்தாழ 10 ஏக்கர். ஜிபிஎஸ் கருவியோடு ஆள் வருகிற வருஷம் காடு தரிசாகக் கிடந்தால் 'அனுபவத்தில் இல்லை' என்று எழுதிவிடுவது சுலபம். இங்கேதான் பழைய அளவு ஆயுதமாகிறது. சட்டத்தின் விதிகள், மனு செய்தவர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாக வைக்க இடம் தருகின்றன. சமன்படுத்திய மண், போட்ட வரப்பு, கட்டிய தடுப்பணை ஆகியவையும் சான்றுகளே. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மலையில் வேலை செய்கிற நண்பர்களுக்கு நான் சொல்வது இது. வாக்குமூலத்தில் "ஒரு எக்டேர் அனுபவிக்கிறார்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இத்தனை படி சாமை விதைத்த காடு, இத்தனை ஏர் ஓடியது, மேல்சரிவு கொத்துக்காடு, எந்தெந்த வருஷம் ஆறப்போட்டது, களையெடுத்த பெண்கள் யார் யார் - எல்லாவற்றையும் அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எக்டேர் கணக்கைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். கிராம சபையில் அதை உரக்கப் படித்துக் காட்டி, விட்டுப்போனதைச் சேர்த்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.