லெ சாம்போன் அடைக்கலப் பணி

லெ சாம்போன் பிரான்சின் தென்பகுதி மலைநாட்டிலுள்ள சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது இவ்வூராரும் அக்கம்பக்கத்துக் கிராமத்தாரும் பல ஆயிரம் அகதிகளுக்கு அடைக்கலம் தந்தனர். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள்.

1940 சூன் 22 அன்று பிரான்சு செருமனியுடன் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தது. மறுநாள் ஞாயிறு வழிபாட்டில், நாடு என்னவாகும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள் ஆந்திரே திரோக்மே, எதுவார் தேசு இருவரும் மனச்சான்றுக்கு மாறான ஆணைகளை ஆயுதமின்றி எதிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டனர். பழைய ஏற்பாடு கூறும் அடைக்கலப் பட்டணங்கள் திரோக்மேவுக்கு முன்மாதிரியாயின. மக்களுக்கும் இது அந்நியமான செய்தியன்று. 1685 இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுரிமை பறிக்கப்பட்டபின் ஒளிந்து வழிபட்டவர்களின் வழிவந்தோர் அவர்கள்.

அகதிகள் பண்ணை வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் தங்கவைக்கப்பட்டனர். போலி அடையாள அட்டைகளும் உணவுப் பங்கீட்டு அட்டைகளும் தயாராயின. பொய் சொல்லலாகாது என்று கற்றவர்களுக்கு இது எளிதாக இருந்திருக்காது. சிலர் சுவிட்சர்லாந்து எல்லைவரை அழைத்துச் செல்லப்பட்டனர்.

1943 பிப்ரவரியில் இரு போதகர்களும் கைதாகினர். அரசாணைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட மறுத்தும், சில வாரங்களில் விடுவிக்கப்பட்டனர். மாணவர் விடுதியை நடத்திவந்த திரோக்மேவின் உறவினர் தானியேல், அதே ஆண்டு சூனில் தம் மாணவர்களுடன் பிடிபட்டார். 1944 இல் மைதானெக் வதைமுகாமில் இறந்தார்.